ஆராய்ச்சி அக்காவின் வஞ்சம்

ஆராய்ச்சி அக்காவிடம் ஏதாவது கேட்டால் அவர் முதலில் செருப்பைத் தேடுவார். கேள்வி பெரியதோ சின்னதோ, நடக்காமல் அவருக்குப் பதில் வராது. "இண்டைக்கு என்ன கறி அக்கா?" என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டாலும், கிணற்றடி வரை போய்த் திரும்பி வந்துதான் "மீன்தான்" என்பார். கதிரையை இழுத்துப் போட்டு, இருங்கோ என்றால் முகம் சுருங்கிவிடும். "இருந்தா எனக்கு வாய் வேலை செய்யாது. நீர் வாரும், நடந்துகொண்டு கதைப்பம்" என்று என்னையும் இழுத்துக்கொண்டு கரைக்குப் போவார். என் வீட்டில் அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருக்கும். அது அவருக்கு ஒரு பொருட்டேயில்லை.

அவருடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. ஊர்காவற்றுறையில் எங்கள் கரையோரத்தில் அவருக்கு அந்தப் பெயர்தான். பனி கொட்டுகிற ஏதோ ஒரு ஊரின் பல்கலைக்கழகத்தில் கனகாலம் ஆராய்ச்சி செய்தவர். என்ன ஆராய்ச்சி என்று கேட்கிறவர்களுக்கெல்லாம் ஒரே வித்தையைத்தான் காட்டுவார். கண்ணை மூடச் சொல்லி உள்ளங்கையில் ஒரு சாமானை வைப்பார். "விரலை அசையாதையும். என்னெண்டு சொல்லும்." ஏதோ குளிராக, கட்டியாக இருக்கும். அதற்குமேல் ஒன்றும் தெரியாது. "இப்ப விரலை மடிச்சு உருட்டிப் பாரும்." உருட்டின உடனே தெரிந்துவிடும். சிப்பி, பூட்டுத் திறப்பு, சோடாப் போத்தல் மூடி, எதுவென்றாலும்.

"பாத்தீரோ? கையும் அதே கைதான், சாமானும் அதே சாமான்தான். அசைஞ்ச பிறகுதான் அறிவு வந்தது. மூளை மேலை இருந்து யோசிச்சுப்போட்டு உடம்புக்குக் கட்டளை போடுறதெண்டு எல்லாரும் நினைக்கினம். அப்பிடியில்லை. உடம்பு அசைய அசையத்தான் யோசினையே பிறக்குது."

தவழத் தொடங்கின பிள்ளைக்குத்தான் கட்டில் விளிம்புக்கு அப்பால் பள்ளம் என்று விளங்குமாம். இடுப்பை விட்டு இறக்காமல் வளர்க்கிற பிள்ளைக்கு அது விளங்கப் பிந்துமாம். கதைக்கிறவரின் கையைக் கட்டிப்போட்டால் வாய்க்குச் சொல் வரத் தடுமாறுமாம். இதையெல்லாம் அவர் சொல்லும்போது இரண்டு கையும் காற்றில் பறந்துகொண்டிருக்கும். ஒருமுறை எங்கள் மாதா கோயில் சுவாமியாரின் கையில் நண்டுக்காலை வைத்துவிட்டார். மனிசன் உருட்டிப் பார்த்த உடனே கையை உதறிக்கொண்டு எழும்பியதை நினைத்தால் எனக்கு இப்போதும் சிரிப்புத்தான்.

விளையாட்டுப் போலத் தெரியும். ஆனால் அந்த ஆராய்ச்சியால்தான் அக்காவின் நெஞ்சு கொதித்துக்கொண்டிருந்தது. அவருடைய அம்மாவுக்கு என்ன நடந்தது என்பது அவருக்கு எங்களைவிட நன்றாக விளங்கியதே அதற்குக் காரணம்.

அவருடைய அம்மா எங்களுக்கு அடுத்த வளவு. நான் மாமி என்றுதான் கூப்பிடுவேன். எண்பது வயதிலும் கோயிலில் முழந்தாளில் நின்று பூசை காண்கிற மனிசி. ஒரு நாள் கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு ஒன்றும் முறியவில்லை, பயந்ததுதான். ஆனால் செய்தி கனடாவுக்குப் போய்விட்டது. அங்கேதான் மூத்த மகன், அக்காவின் அண்ணன், இருந்தான். வயதில் எனக்கு மூத்தவன்தான். மரியாதை கொடுத்து எழுத எனக்குக் கை வராது. அவன் என்றே எழுதுகிறேன்.

அவனுக்குத் தாயில் பாசம் இல்லையென்று சொல்ல மாட்டேன். பாசம் கூடித்தான் அந்த மனிசியைக் கொன்றான். இரண்டு பக்கமும் கம்பி வைத்த ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்று வாங்குவித்தான். பார்க்கிறதுக்கு ஒரு பெண்ணைச் சம்பளத்துக்கு வைத்தான். அறை மூலையில் கமரா பூட்டுவித்தான். அது பார்க்கிற கமரா மட்டுமில்லை, கதைக்கவும் செய்யும். மாமி கட்டிலை விட்டு இறங்கக்கூடாது, தன் கையால் சாப்பிடக்கூடாது, எல்லாம் ஊட்டவேண்டும் என்பது அவன் போட்ட சட்டம். எங்கள் பக்கத்தில் இப்படி எத்தனையோ வீடு. பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து தாய் தகப்பனை நோகாமல் படுக்க வைத்துப் பார்ப்பார்கள், ஊரும் கொடுத்து வைத்தவர்கள் என்று சொல்லும்.

ஒரு நாள் பால் கொடுக்கப் போனபோது மாமி என் கையைப் பிடித்தார். "பிள்ளை, என்னை ஒருக்கா முற்றத்துக்குக் கூட்டிக்கொண்டு போ" என்று கேட்டார். நான் கம்பியை இறக்கி அவருடைய இரண்டு காலையும் நிலத்தில் வைத்தேன். மாமியின் முகம் மலர்ந்தது. உடனே மூலையிலிருந்து ஒரு சத்தம். "ஆரது? ஆரைக் கேட்டு அம்மாவை எழுப்பினனீர்? விழுந்தா நீரோ பொறுப்பு? வெளியிலை போம்."

அந்தச் சம்பளப் பெண்ணுக்கு முன்னால், எட்டிப் பார்த்துக்கொண்டு நின்ற அயலுக்கு முன்னால், சுவரில் தொங்குகிற ஒரு பெட்டியிடம் நான் ஏச்சு வாங்கினேன். பால் செம்போடு திரும்பி வந்து குசினியில் நின்று அழுதேன். அவனை ஒரு நாள் ஒரு கை பார்க்காமல் விடுவதில்லை என்று அன்றைக்கு நினைத்ததை மறைக்க விரும்பவில்லை.

பிறகு மாமிக்கு மறதி வரத் தொடங்கியது. என் பெயர் போனது, பேரப்பிள்ளைகளின் பெயர் போனது. ஆனால் செபமாலையைக் கையில் கொடுத்தால் விரல் மணியை உருட்ட, வாய் தானாகச் செபம் சொல்லும். ஒரு சொல் பிழைக்காது. அதையும் அவன் கமராவில் கண்டுவிட்டான். கழுத்தில் சுற்றிப்போடும், எடுத்துவிடுங்கோ என்றான். செபமாலை போய்ச் சில நாளில் செபமும் போய்விட்டது. அதற்குப் பிறகு மாமி முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தார்.

அக்கா தூரத்திலிருந்து சண்டை பிடித்துக்கொண்டுதான் இருந்தார். நடக்க விடுங்கோ அண்ணை, கிடந்தால் எல்லாம் மறந்து போவா என்று கெஞ்சியிருக்கிறார். "நீ வெள்ளைக்காரற்றை குழந்தையளை ஆராய்ஞ்சுகொண்டிரு, அம்மாவை நான் பாக்கிறன்" என்றானாம். அக்கா வந்து இறங்கியபோது மாமிக்கு மகளை அடையாளம் தெரியவில்லை. கொஞ்ச நாளில் சீவன் போய்விட்டது.

செத்த வீட்டுக்கு அவன் வரவில்லை. கோயிலில் போனில் பேசினான், ஒலிபெருக்கியில் போட்டார்கள். "எங்கடை அம்மாவை ஒரு துரும்பையும் அசைக்க விடாமல் பாத்தனாங்கள்" என்று சொல்லி அழுதான். சனம் தலையாட்டியது. எனக்குப் பக்கத்தில் நின்ற அக்கா என் காதுக்குள் சொன்னார். "கேட்டீரோ? தன்ரை வாயாலையே சொல்லிப்போட்டான்."

அக்கா திரும்பிப் போகவில்லை. வேலையை விட்டுவிட்டுத் தாய் வீட்டிலேயே இருந்துவிட்டார். அந்தக் கமராவில் பதிந்திருந்த எல்லாவற்றையும் எடுத்துத் தன் கணினியில் வைத்திருந்தார். கரையில் நடக்கும்போது நான் கேட்டேன்.

"அவனை என்ன செய்யப் போறியள் அக்கா?"

"ஒண்டும் செய்யமாட்டன். அவனுக்கு விளங்க வேணும். அம்மாவுக்குத் தான் என்ன செய்தவன் எண்டு அவனுக்கு விளங்கினா எனக்கு அது காணும்."

"விளங்கினா?"

"விளங்கின பிறகு அவன் அதோடை உயிரோடை இருக்க வேணும்."

இதைச் சொன்னபோது அவருடைய நடை இன்னும் வேகமானது. நான் ஓடித்தான் கூடப் போனேன்.

அடுத்த வருடம் அவனுக்குக் கனடாவில் பாரிசவாதம் வந்தது. வலப்பக்கம் விழுந்து, வாயும் விழுந்துவிட்டது. மனைவி முந்தியே காலமாகிவிட்டாள். பிள்ளைகளுக்கு வேலை. ஊரில் வெயில் நல்லது, அன்ரி இருக்கிறா என்று முடிவெடுத்துக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். அதே அறை, அதே கம்பிக் கட்டில். திரும்பிப் போக முதல் கமராவையும் புதுசாகப் பூட்டிவிட்டுப் போனார்கள். தகப்பனைப் போலத்தான் பிள்ளைகளும் என்று எனக்குள் ஒரு சந்தோசம்.

தங்கச்சியென்றால் இப்படியிருக்க வேண்டும் என்று ஊர் முழுக்கக் கதை. எனக்கு மட்டும்தான் தெரியும். நான் அக்காவின் பக்கத்தில் போய்ச் சொன்னேன். "கடவுள் பாத்துக் குடுத்திட்டார் அக்கா."

அக்கா கட்டிலைச் சுற்றி நடந்துகொண்டிருந்தார். அவன் கண்ணைத் திறந்தபடி கிடந்தான், யார் வந்தார் யார் போனார் என்று தெரியாது. "என்னத்தைக் குடுத்தவர்?" என்றார் அக்கா. "இவனுக்கு இப்ப ஒண்டும் விளங்காது. விளங்காதவனோடை எனக்கு என்ன கணக்கு? முதல் தெளியட்டும்."

தெளிய வைக்கிற வேலை அடுத்த நாளே தொடங்கியது. நான் கட்டின மனிசன் ஒரு பக்கம், அக்கா மறு பக்கம். அவனைத் தூக்கி நிறுத்தி முற்றத்தில் இழுத்தார்கள். "அன்ரி, அப்பாவை நடக்க விடாதேங்கோ, அவருக்கு ரெஸ்ற் வேணும்" என்று கமரா கத்தியது. அக்கா போய் வயரைப் பிடுங்கிவிட்டு வந்தார். பிறகு பிள்ளைகள் போனில் எடுத்தால் நல்ல சுகமாக இருக்கிறார் என்று நடந்துகொண்டே சொல்லுவார்.

கிணற்றடியில் அவனுடைய இரண்டு கையையும் வாளிக் கயிற்றில் வைப்பார். நல்ல கை இழுக்க, விழுந்த கையும் கூடப் போகவேண்டும். ஒவ்வொரு இழுவைக்கும் ஒரு சொல் சொல்லவேண்டும். கயிறு, வாளி, தண்ணி. சொல்லாவிட்டால் அக்கா கயிற்றைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்பார், வாளி நடுக் கிணற்றில் தொங்கும். கோப்பையைப் பிடிக்கக் கை நீளும்வரை தேத்தண்ணி வாய்க்குப் போகாது. வெயில் தாழ்ந்த பிறகு கரைக்குக் கொண்டுபோய், முழங்கால் தண்ணீரில் நடத்துவார். அது ஆழமில்லாத பரவைக் கடல், விழுந்தாலும் நோகாது. விழுத்தி விழுத்தி எழுப்புவார். "எழும்புங்கோ அண்ணை" என்பார். ஒரு நாளும் நீ என்று சொன்னதில்லை. அந்த மரியாதையைக் கேட்க எனக்கே முதுகு கூசும்.

அவன் வாயிலிருந்து முதலில் வந்தது தூஷணம். உப்புத் தண்ணீர் குடித்து எழும்பி, அக்காவைப் பார்த்து, எழுத ஏலாத ஒரு சொல்லைச் சுத்தமாகச் சொன்னான். என் மனிசன் திடுக்கிட்டுப்போனார். அக்கா சிரித்தார். "நல்லம். முதல் இதுதான் வரும். மிச்சமும் வரும்."

சுவாமியார் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "பாவம் பிள்ளை, மனிசனைக் கொஞ்சம் ஆறுதலா இருக்க விடும்" என்றார்.

"ஆறுதல் குடுத்துத்தான், பாதர், அண்ணை அம்மாவை முடிச்சது" என்றார் அக்கா.

எனக்குப் பாவம் வந்ததா என்று கேட்டால், வரவில்லை. அவன் தண்ணீரில் விழுகிற நேரம் பார்த்து நானும் கரைக்குப் போவேன். மீன் வாங்கப் போகிறேன் என்று சாட்டுச் சொல்லிக்கொண்டு போவேன். வெளியிலை போம் என்று என்னை விரட்டின வாய் இப்போது வாளி என்று சொல்லத் திக்குவதைக் கேட்க அப்படியொரு இனிப்பு.

ஆனால் அவன் தேறினான். சோளகக் காற்று அடங்குகிற காலம் தடியூன்றித் தனியே கிணற்றடிக்குப் போனான். பெயர்கள் வந்தன, கணக்கு வந்தது, பழைய அதிகாரமும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பிறகு நடந்ததுதான் அக்காவுக்குப் பொறுக்க ஏலாமல் போனது. அவன் நன்றி சொல்லத் தொடங்கினான். "தங்கச்சி இல்லாட்டி நான் இல்லை" என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஒரு முறை அக்காவின் கையைப் பிடித்துக் கொஞ்சினான். அக்கா அந்தக் கையைக் கிணற்றடியில் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியதை நான் கண்டேன்.

அன்று பின்னேரம் என்னைக் கூப்பிட்டார். "தெளிஞ்சிட்டான். வாரும், நீரும் இருக்க வேணும்."

அவனைக் கதிரையில் இருத்தி, கணினியை முன்னால் வைத்தார். மாமி தெரிந்தார். மாமி கம்பியைப் பிடித்து எழும்பப் பார்க்கிறார். அவனுடைய குரல் கேட்கிறது. "அம்மா, அசையாதேங்கோ. படுங்கோ." இன்னொரு நாள், அதே குரல். வேறொரு நாள் மாமி கையைத் தூக்கியவுடனேயே குரல். பிறகு வந்த நாட்களில் குரல் இல்லை. அவர் எழும்பப் பார்க்கவும் இல்லை. அவன் ஒழுங்காகப் பார்த்தான், கண் கலங்கவும் செய்தது. கடைசியில் நிமிர்ந்து சொன்னான்.

"பாத்தியே தங்கச்சி? அம்மா ஒருநாளும் விழேல்லை. நான் விழ விடேல்லை."

அவன் முகத்தில் பெருமை. திக்கல் இல்லை, தடங்கல் இல்லை. அக்கா அவ்வளவு பாடுபட்டுத் திருப்பி எடுத்த மூளை, போனபடியே திரும்பி வந்திருந்தது. எனக்கு அந்தக் கணினியைத் தூக்கி அவன் தலையில் போடலாம்போல் இருந்தது. அக்கா வெளியே போய்விட்டார். வளவை எத்தனை தரம் சுற்றினாரோ, நான் படலையடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு இடத்தில் நின்று தன் தலையில் தானே தட்டிக்கொண்டார்.

"நான்தான் மொக்கி. இவ்வளவு காலம் படிச்சதை நானே மறந்துபோனன். இருத்தி வைச்சுக் காட்டினா அவனுக்கு என்ன விளங்கும்? கண்ணாலை பாத்து விளங்கிற காரியமோ இது?"

அடுத்த நாள் காலை நடை முடிந்து களைத்து வந்தவன் கட்டிலில் சாய்ந்தான். அக்கா ஒரு பக்கக் கம்பியை ஏற்றினார். மற்றப் பக்கத்தை ஏற்றிப் பூட்டியது நான். எனக்கு அதில் இன்றைக்கும் வெட்கமில்லை. பூட்டு வெளிப்பக்கம் கீழே இருந்தது, உள்ளே கிடப்பவருக்குக் கை எட்டாது.

முதலில் அவன் சிரித்தான். "என்ன விளையாட்டு இது?" என்று எழும்பப் பார்த்தான். அக்கா கணினியைத் தட்டினார். அவனுடைய குரல் அறைக்குள் வந்தது. "அசையாதேங்கோ. படுங்கோ." அவன் கையைத் தூக்கினால் குரல். கம்பியைப் பிடித்தால் குரல். கத்தினான், எங்களை ஏசினான், பிள்ளைகளுக்குச் சொல்லுவேன் என்று வெருட்டினான். பிறகு கெஞ்சினான். "நான் விழமாட்டன் தங்கச்சி. எனக்கு நடக்க ஏலும். உனக்குத் தெரியும்தானே எனக்கு நடக்க ஏலுமெண்டு."

"தெரியும் அண்ணை" என்றார் அக்கா.

மத்தியானம் சோறு ஊட்டினார். அவன் சோற்றுக் கோப்பைக்குக் கை நீட்டினான், குரல் வந்தது, கையை எடுத்தான். அதற்குப் பிறகு அவன் கையை நீட்டவில்லை. முகட்டைப் பார்த்துக்கொண்டு கிடந்தான். கணினியை அக்கா நிப்பாட்டின பிறகும் அசையவில்லை. வெயில் யன்னலை விட்டு இறங்குகிற நேரம் அவன் வாய் திறந்தான்.

"அம்மா இப்பிடியே கிடந்தவ?"

"ஓம்."

"நல்லா நடக்க ஏலுமாயிருக்கேக்கை?"

"ஓம் அண்ணை."

"நான் சொல்லி."

"ஓம். நீங்கள் சொல்லித்தான்."

அவன் ஒரு சத்தம் போட்டான். அது அழுகையா என்று எனக்குத் தெரியாது. ஆடு மாடுகூட அப்படிச் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. அக்கா கேட்டது அதுதான், இத்தனை மாதம் தண்ணீரிலும் வெயிலிலும் இழுத்துக் கடைசியில் எடுத்துவிட்டார். அவருக்கு விளங்கிவிட்டது. அவனை அவர் என்று எழுதிவிட்டேன், இருக்கட்டும்.

அக்கா குனிந்து கம்பியை இறக்கினார். "காணும் அண்ணை. எழும்புங்கோ."

அவர் எழும்பவில்லை.

"எழும்புங்கோ. கிணத்தடிக்குப் போவம்."

"இல்லைத் தங்கச்சி. நான் கிடக்கிறன்" என்றார். முகம் சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டது. அக்கா கையைப் பிடித்து இழுத்தார். நாளெல்லாம் இழுத்துப் பழகின கைதான். ஆனால் ஒரு மனிசன் எழும்ப மாட்டேன் என்று உடம்பைக் கனக்க விட்டால் இழுக்க ஏலாது. நானும் போய்ப் பிடித்தேன், அசையவில்லை.

அதன் பிறகு அவர் தானாக எழும்பி நடந்ததை ஊரில் ஒருவரும் காணவில்லை. முதலில் பேரப்பிள்ளைகளின் பெயர் போனது. பிறகு கயிறும் வாளியும் போயின. விளங்கினது மட்டும் போகவில்லை என்றுதான் அக்கா சொன்னார், கண்ணைப் பார்த்தால் தெரியுதாம். என் மனிசன் அந்த வளவுப் பக்கம் போவதை விட்டுவிட்டார். நான் அடுப்படியில் நின்றால் போதும், "எழும்புங்கோ அண்ணை, எழும்புங்கோ" என்று அக்கா கெஞ்சுவது காலையிலிருந்து பின்னேரம் வரை கேட்கும்.